சானி கணவாய்க்கு நடந்தே ஏற நினைப்பவர்களுக்கு

முதலில் பாஸ்போர்ட்டை எடுத்துக் காலாவதித் தேதியையும் காலிப் பக்கங்களையும் பாருங்கள். பூட்ஸ், பை, கம்பு எல்லாம் அப்புறம். டர்பன் ஆட்கள் டிராக்கென்ஸ்பர்க் மலை என்றாலே சனி, ஞாயிறு போய் வரும் இடம் என்று நினைத்துக் கிளம்பிவிடுவார்கள். சானி அப்படியில்லை, அது தென்னாப்பிரிக்காவிலிருந்து பக்கத்து நாடான லெசோத்தோவுக்கு ஏறும் மலைப்பாதை. கீழே தென்னாப்பிரிக்கச் சாவடி, உச்சியில் லெசோத்தோ சாவடி. போகும்போது கீழே ஒரு முத்திரை, மேலே ஒரு முத்திரை. திரும்பும்போது மறுபடியும் இரண்டு. சாவடி கேட் காலை 6 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடும். அதனால் உச்சியை எப்போது தொடுவோம் என்று கணக்குப் போடாதீர்கள். கேட் மூடுவதற்குள் எங்கே இருப்போம் என்று மாலையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். நான் கூட்டிப்போகும் ஆட்களிடம் முதல் நாளே இதைச் சொல்லி வாயை அடைத்துவிடுவேன்.

தென்னாப்பிரிக்க பாஸ்போர்ட் இருந்தால் லெசோத்தோவுக்கு விசா வேண்டாம். இந்தியாவிலிருந்து கல்யாணத்துக்கு வந்த சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறீர்களா? அவருடைய தென்னாப்பிரிக்க விசா ஒருமுறை நுழைவதற்கு மட்டும் என்றால், கீழே முத்திரை குத்தியதும் அது முடிந்துபோகும். மேலே போய்விட்டுத் திரும்பி வர வழியிருக்காது. பலமுறை நுழையும் விசா இருக்கிறதா, லெசோத்தோ அவருக்கு விசா கேட்கிறதா, இரண்டையும் வீட்டிலிருக்கும்போதே பார்த்துவிடுங்கள். பிள்ளைகளை அழைத்துப்போனால் பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். அப்பா, அம்மாவில் ஒருவர் மட்டும் வந்தால் மற்றவரின் சம்மதக் கடிதமும் இருக்கட்டும். சாவடியையோ சீருடைக்காரரையோ படம் எடுக்க வேண்டாம். வழியில் யாராவது "கீழே கொடுத்துடுங்க" என்று பொட்டலம் நீட்டினால் கையை நீட்டாதீர்கள். இந்த மலைகளின் ஒற்றையடிப் பாதைகளில் டாகா என்கிற கஞ்சாவும் திருட்டு மாடும் எல்லை தாண்டுவது பழைய கதை. ராணுவம் ரோந்து சுற்றுவதும் அதனால்தான்.

டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலை பிடித்து, பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி, ஹோவிக் பக்கத்தில் ஆர்617 சாலையில் திரும்பி, புல்வர் வழியாக அண்டர்பெர்க். அங்கிருந்து ஹிம்வில் பக்கத்திலேயே. அன்றிரவு இந்த இரண்டு ஊர்களில் ஒன்றில் தங்குங்கள். காலையில் கடற்கரையில் கிளம்பி மதியம் மலை உச்சியில் நிற்க ஆசைப்படுகிறவர்களுக்குத்தான் தலைவலி. கணவாயின் உச்சி 2,876 மீட்டர். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் டர்பனில் கிடைப்பதில் சுமார் 70 சதவீதம்தான். அண்டர்பெர்க் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், ஒரு ராத்திரி அங்கே தூங்கி எழுந்தால் உடம்பு கொஞ்சம் பழகும்.

எந்த மாதம்? ஏப்ரல், மே எனக்குப் பிடித்தவை. மழை ஓய்ந்திருக்கும், பனி இன்னும் இறுகியிருக்காது. ஈஸ்டர் வார இறுதியை மட்டும் விட்டுவிடுங்கள். ஊருக்குப் போகும் பசோத்தோ (லெசோத்தோ மக்கள்) தொழிலாளர்களால் சாவடியில் வரிசை நீளும், நம்மவர்களுக்கும் டர்பன் பக்கத்து இசிப்பிங்கோவில் மாரியம்மன் திருவிழா இருக்கிறது. டிசம்பரும் அதே கூட்டம்தான். தைப்பூசக் காவடி முடிந்த கையோடு போகலாம் என்று சிலர் கேட்பார்கள். விரதத்தில் இளைத்த உடம்பு ஒரு பக்கம், மதியத்துக்கு மேல் இடி மின்னல் ஒரு பக்கம். ஜனவரி, பிப்ரவரி இங்கே கோடை, அப்போது மின்னல் வேடிக்கையில்லை. மேகம் கறுத்தால் மேட்டை விட்டு இறங்குங்கள், தனிமரத்தடியில் நிற்காதீர்கள். ஜூன், ஜூலையில் வானம் கண்ணாடிபோல் இருக்கும், ஆனால் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். கேட் ஆறு வரை திறந்திருந்து என்ன பயன்? செப்டம்பர், அக்டோபரும் நல்ல காலம்தான், காற்றைப் பொறுத்துக்கொண்டால்.

இப்போது உடுப்பு. நான் சாட்ஸ்வர்த்தில் வளர்ந்து, டர்பன் தையல் ஃபேக்டரியில் மெஷினில் உட்கார்ந்தே தலை நரைத்தவள். இதில் நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். டெனிம் ஒருமுறை நனைந்தால் அன்று முழுக்கக் காயாது. தொடையில் ஒட்டி, நடக்க நடக்க அறுக்கும். பருத்தி பனியனும் அப்படித்தான்: ஏறும்போது வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், மேலே காற்று அடித்ததும் அந்த ஈரமே முதுகில் பனிக்கட்டியாகும். உள்ளே பாலியஸ்டர் அல்லது மெல்லிய கம்பளி நூல், அதன் மேல் ஃபிளீஸ் என்கிற கதகதப்பான மேல்சட்டை, எல்லாவற்றுக்கும் மேல் மழைச் சட்டை. இந்த மூன்றும் போதும். மழைச் சட்டை வாங்கும்போது கடையில் திருப்பிப் பாருங்கள். தையல் போன இடமெல்லாம் உள்பக்கம் டேப் ஒட்டியிருக்க வேண்டும். ஊசி போன துளை ஒவ்வொன்றும் தண்ணீருக்கு வாசல். தோள் தையலில் டேப் இல்லாததை எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். உள்ளாடையிலும் காலுறையிலும் தடித்த தையல் இருந்தால் எட்டுக் கிலோமீட்டரில் கொப்புளம் நிச்சயம். புது பூட்ஸை மலைக்கென்று பெட்டியில் வைத்திருக்காதீர்கள். மார்க்கெட்டுக்கும் கோயில் வேலைக்கும் போட்டுப் போய்ப் பழக்குங்கள். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் ஆறு டிகிரி குறையும். டர்பனில் சட்டை ஒட்டுகிற நாளிலும் மேலே தொப்பி, கையுறை தேவைப்படும். வெயிலும் அதே அளவுக்குக் கொளுத்தும். முகத்துக்குக் கிரீம் பூசுங்கள். நம் தோல் கறுப்பு, ஒன்றும் ஆகாது என்ற பேச்சை மலையில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

சாப்பாட்டுக்கு ரொட்டியில் உருளைக்கிழங்குக் கறியைச் சுருட்டி, பேப்பரில் இறுக்கிக் கட்டுங்கள். பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறி) கீழே இறங்கி வந்த பிறகு. புரட்டாசி விரதக்காரர்களுக்கு எலுமிச்சைச் சாதம் கெடாமல் இருக்கும். பிளாஸ்க்கில் இஞ்சி டீ. தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டராவது. ஓடையில் தெளிவாகத்தான் ஓடும், ஆனால் மேலே ஆடும் மாடும் மேய்கின்றன, வடிகட்டாமல் குடிக்காதீர்கள்.

வண்டியைக் கீழ்ச்சாவடி வரை கொண்டுபோகலாம். அதற்கு மேல் நான்கு சக்கர இழுவை இல்லாத வண்டியை ஏற விடமாட்டார்கள். என் அண்ணன் மகனிடம் நல்ல பக்கி (பிக்கப் வண்டி) இருக்கிறது. ஒவ்வொரு முறையும் "அத்தை, நடப்பானேன்? பக்கியிலேயே ஏறிடலாமே" என்பான். "நீ ஏறுடா, இறங்கும்போது என்னை ஏத்திக்கோ" என்பேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, அதுதான் சரியான முறை. பலர் வண்டியில் மேலே போய் நடந்து இறங்குவார்கள், சுலபம் என்று. ஏறினால் மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். சரளையில் எட்டுக் கிலோமீட்டர் இறங்கினால் மூட்டு வாங்கும். அது ஒரு வாரம் ஆனாலும் சரியாகாது. பக்கி இல்லையா? லெசோத்தோவின் மொகொட்லோங் ஊரிலிருந்து அண்டர்பெர்க்குக்கு பசோத்தோக்களின் மினிபஸ் டாக்சிகள் இந்தக் கணவாய் வழியாகத்தான் ஓடுகின்றன. காலையிலேயே கீழே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள், மத்தியானத்துக்கு மேல் வரும் என்று நம்பி நிற்காதீர்கள்.

இரண்டு சாவடிகளுக்கும் இடையே சுமார் 8 கிலோமீட்டர், ஏற்றம் ஏறக்குறைய 900 மீட்டர். மூன்றரை, நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். 7 மணிக்குள் கீழே முத்திரை வாங்கினால் நல்லது. முதல் பாதி ம்கோமஸானா ஆற்றை ஒட்டிப் போகும், ஏமாற்றுகிற அளவுக்கு இதமாக. அங்கே ஓடாதீர்கள். இரண்டாம் பாதியில் வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும், வழுக்கும் கருங்கல் சரளை. பன்னிரு அப்போஸ்தலர்கள் என்று பெயர்வைத்த பாறைத் தூண்கள் மேலே தெரியும். 1948இல் காட்ஃபிரே எட்மண்ட்ஸ் என்பவர் முதன்முதலில் ஜீப்பில் இதில் ஏறியபோது இது கழுதைகள் பொதி சுமந்து போகும் பாதை. இன்று வண்டிகள் வரிசையாக வரும். வளைவில் வண்டிச் சத்தம் கேட்டால் பள்ளத்துப் பக்கம் ஒதுங்காதீர்கள், மலைச்சுவர் பக்கம் நில்லுங்கள். இறங்கும் டாக்சியின் சக்கரம் கிளப்பும் கல், கொண்டை ஊசி வளைவில் வெளிப்பக்கமாகத்தான் பறக்கும். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஐஸ் கார்னர் என்றொரு திருப்பம். குளிர்காலத்தில் வெயில் படாமல் பளபளவென்று உறைந்திருக்கும். அங்கே ஓரத்துப் புல்லை மிதித்துப் போங்கள், கண்ணாடியை மிதிக்காதீர்கள். பாட்டுப் பாடிக்கொண்டே ஏற முடியவில்லை என்றால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். தலைவலி வந்தால் உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள். வாந்தி, தள்ளாட்டம் வந்தால் விவாதம் கிடையாது, கீழே இறங்க வேண்டியதுதான்.

எங்கள் அப்பா காலத்தில் இந்த மலையடிவார ஹோட்டல்களில் வெள்ளையருக்கு மட்டும்தான் அறை. கரும்புத் தோட்டத்து ஆட்கள் தூரத்தில் நீலமாக மலையைப் பார்த்ததோடு சரி. அதனால், இளைஞர்கள் யாராவது அலுத்துக்கொண்டால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். சரி, அது என் கதை.

மேலே கால் வைத்ததும் நேரே லெசோத்தோ சாவடிக்குப் போய் முத்திரை வாங்கிவிடுங்கள், படமெடுப்பது அப்புறம். பக்கத்திலேயே மலை விடுதி. ஆப்பிரிக்காவிலேயே மிக உயரமான பார் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். சூப் குடிக்கலாம், ஓரமாக உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். மலூட்டி பீரை நம் பையன்கள் விடமாட்டார்கள். அந்த உயரத்தில் குடி அளவோடு இருக்கட்டும். ராண்ட் நோட்டு அங்கே செல்லும், லெசோத்தோ பணமான லோட்டிக்குச் சமம். கம்பளி போர்த்திய மேய்ப்பர்களைப் பார்த்தால் "லுமேலா ந்தாத்தே", பெண்களிடம் "லுமேலா ம்மே" என்று அவர்கள் மொழியில் வணக்கம் சொல்லிவிட்டு, கேட்டுக்கொண்டு படமெடுங்கள். வட்டக் குடிசையின் முன் வெள்ளைக் கொடி பறந்தால் அன்று அங்கே வீட்டில் காய்ச்சிய பீர் இருக்கிறது என்று அர்த்தம். புல்வெளியில் கொழுத்த எலிபோல் வெயில் காய்வது ஐஸ் எலி. மேலே வட்டமிடும் பெரிய நிழல் தாடிக் கழுகாக இருந்தால் உங்களுக்கு நல்ல நாள்.

3,482 மீட்டர் தபானா ந்ட்லென்யானா சிகரத்தையும் அன்றே பார்த்துவிடலாமா என்று கேட்பார்கள். கூடாது. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் அதைவிட உயரமான இடம் இல்லை. கணவாய் உச்சியில் ஒரு இரவு தங்கி, வழிகாட்டியோடு, விடியும் முன் கிளம்பினால் ஒரு முழு நாள் வேலை. பாதை தெளிவாக இல்லாத புல்மேடு, மூடுபனி இறங்கினால் எதிரே நிற்பவர் முகம் தெரியாது.

நடந்தே இறங்குவதாக இருந்தால் இரண்டரை மணிக்கு மேல் உச்சியில் இருக்காதீர்கள், குளிர்காலத்தில் ஒரு மணி. வண்டியில் என்றாலும் நான்கு மணிக்குக் கிளம்புங்கள். வழியில் ஒரு லாரி நின்றுவிட்டால் எல்லோரும் நிற்க வேண்டியதுதான். லெசோத்தோ வெளியேறும் முத்திரையை மறந்து இறங்கிவிடாதீர்கள். கீழே அதிகாரி பக்கத்தைப் புரட்டி "இது எங்கே?" என்று கேட்டால், மறுபடி மேலேதான் போக வேண்டும்.