தேங்காய் அரைத்த மீன் குழம்பும் சம்பாச் சோறும்: கன்னியாகுமரி மாவட்டத்து வீட்டு முறை

கன்னியாகுமரி மாவட்டத்து மீன் குழம்பை முதன்முதலாகச் சமைக்க முற்படுபவர்கள் பெரும்பாலும் மீனைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். நல்ல மீன் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இந்தக் குழம்பின் சுவையை முடிவு செய்வது தேங்காய் அரைப்புதான். வெங்காயத்தையும் தக்காளியையும் எண்ணெயில் நெடுநேரம் வதக்கி, அதன்மேல் மசாலாப் பொடிகளைத் தூவிச் செய்யும் குழம்பு வேறு, இது வேறு. இங்கே வதக்கும் வேலையே கிடையாது. தேங்காயையும் மசாலாவையும் மைய அரைத்து, புளித்தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைத்து, மீனைப் போட்டு, கடைசியில் தேங்காய் எண்ணெயில் தாளித்துக் கொட்டினால் குழம்பு முடிந்துவிடும். 1956 நவம்பர் 1-ஆம் நாள் வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு சேர்ந்திருந்த நிலப்பகுதி இது என்பதால், தேங்காயும் தேங்காய் எண்ணெயும் இங்கத்துச் சமையலில் இவ்வளவு தாராளமாகப் புழங்குவதில் வியப்பில்லை.

இந்தக் குழம்புக்குச் சாளை (மத்தி), அயலை (கானாங்கெளுத்தி), நெத்திலி, பாரை, விளமீன், நெய்மீன் ஆகிய எல்லாமே பொருந்தும். மற்ற ஊர்களில் வஞ்சிரம் என்று விற்கப்படும் நெய்மீனின் விலையைக் கண்டு, விலை கூடினால் குழம்பும் சிறக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். முள் சற்று மிகுந்திருந்தாலும், குழம்புக்கு நான் முதலிடம் தருவது சாளைக்கும் அயலைக்குமே. அவற்றின் கொழுப்பு குழம்பில் இறங்கும்போது கிடைக்கும் மணம் நெய்மீனில் வருவதில்லை. நெய்மீன் பொரிப்பதற்கு ஏற்றது. பழக்கமில்லாதவர்களும் சிறுவர்களும் உண்ணும் வீடாக இருந்தால், முள் குறைந்த பாரைத் துண்டுகளை வாங்குவது நல்லது.

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் போன்ற கடற்கரை ஊர்களின் அருகில் இருப்பவர்களுக்கு அன்றன்று பிடித்த மீன் கிடைத்துவிடும். வெளியூரில் இருப்பவர்கள் ஐஸ் வைத்த மீனை வாங்கினாலும் குறையில்லை. வாங்கும்போது பார்க்க வேண்டியதைப் பார்த்தால் போதும். செவுளைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே நல்ல சிவப்பாக இருக்க வேண்டும்; பழுப்பேறி வழவழப்பாக இருந்தால் அந்த மீன் வேண்டாம். கண் தெளிவாகவும் சற்றுப் புடைத்தும் இருக்க வேண்டும். வயிற்றுப் பக்கத்தை விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் குழி விழாமல் சதை மீண்டுவர வேண்டும். அயலை, சூரை, சாளை ஆகிய மூன்றிலும் கூடுதல் கவனம் தேவை. இவை வெப்பத்தில் நெடுநேரம் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்னும் பொருள் உருவாகிறது. எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழிவதில்லை. அத்தகைய மீனை உண்டால் முகம் சிவந்து, உடல் தடித்து, தலைவலியும் வயிற்றுக் கோளாறும் வரக்கூடும். ஆகவே மீனை வாங்கிக்கொண்டு வேறு வேலைகளுக்கு அலையாமல் நேரே வீட்டுக்கு வந்து, உடனே சமைக்கவில்லையென்றால் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும்.

விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் இந்த மாவட்டத்தில் இரண்டாகப் பிரிந்து வருகிறது. கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், மேற்குக் கடற்கரைக் கணக்கில் வரும் குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பகுதிகளில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அந்நாட்களில் வள்ளங்களில் சென்று பிடித்துவரும் சிறு மீன்களை நம்பிச் சமைப்பதே முறை.

நான்கு பேருக்கான குழம்புக்குச் சுத்தம் செய்த மீன் முக்கால் கிலோ போதும். செதிலையும் செவுளையும் குடலையும் நீக்கியபின், மீனைக் கல்லுப்புப் போட்டு மண்சட்டியின் சொரசொரப்பான உட்புறத்தில் உரசிக் கழுவுவது இங்கத்து வழக்கம். வழவழப்பும் எஞ்சிய செதிலும் அதில் போய்விடும். வயிற்றின் உட்புறத்தில் முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கும் கருஞ்சிவப்பு இரத்தத்தை விரல் நுனியால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். குழம்பில் கவிச்சி அடிப்பதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம். மூன்று நான்கு தண்ணீரில் கழுவினால் போதும். அயலையை இரண்டாக நறுக்கலாம். சாளையை முழுதாகவே போட்டு, இருபுறமும் மேலோட்டமாகக் கீறிவிட்டால் உப்பும் புளியும் உள்ளே இறங்கும்.

இனி அரைப்பு. நடுத்தரத் தேங்காயில் ஒரு மூடியை முழுதாகத் துருவிக்கொள்ள வேண்டும். முற்றிய தேங்காயாக இருக்க வேண்டும். இளசாக இருந்தால் குழம்பில் தித்திப்புத் தட்டும், கொழுப்பும் குறையும். துருவலுடன் இரண்டு மேசைக்கரண்டி மல்லித்தூள், இரண்டு தேக்கரண்டி மிளகாய்த்தூள், அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், அரைத் தேக்கரண்டி நல்லமிளகு, கால் தேக்கரண்டி சீரகம், நான்கு சின்ன வெங்காயம் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். கரம் மசாலாவோ பட்டை, கிராம்போ, சோம்போ இதில் சேர வேண்டியதில்லை. அவை சேர்ந்தால் இறைச்சிக் குழம்பின் மணம் வந்து மீனின் மணத்தை மறைத்துவிடும். இஞ்சி பூண்டு விழுதையும் நான் சேர்ப்பதில்லை.

அம்மியில் அரைப்பவர்களுக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை. மிக்ஸியில் அரைப்பவர்கள் ஒரேயடியாகத் தண்ணீரை ஊற்றிவிடக் கூடாது. தண்ணீர் கூடினால் தேங்காய்த் துருவல் கத்திக்குச் சிக்காமல் மிதந்து சுற்றுமே தவிர அரைபடாது. முதலில் தண்ணீர் இல்லாமல் ஒரு சுற்றுச் சுற்றி, பக்கங்களில் ஒட்டியதை வழித்துவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து மீண்டும் அரைக்க வேண்டும். இப்படி மூன்று நான்கு தடவை சிறிது சிறிதாகத் தண்ணீர் சேர்த்து அரைக்கும்போது ஜார் சூடேறினால் சற்று நிறுத்தி ஆறவிட வேண்டும். சூட்டில் தேங்காயின் எண்ணெய் பிரிந்துவிடும். அரைபட்டதா என்று பார்க்க, சிறிது விழுதை எடுத்துக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பாருங்கள். சந்தனம் போல வழுக்கிக்கொண்டு போக வேண்டும். மணல் போல நெருடினால் இன்னும் அரைக்க வேண்டும் என்று பொருள். இந்த இடத்தில் ஐந்து நிமிடம் பொறுமை காட்டாதவர்களின் குழம்பில் தண்ணீர் தனியாகவும் தேங்காய்த் திப்பி தனியாகவும் நிற்கும். பிறகு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது சேராது.

புளி எலுமிச்சை அளவு எடுத்து, ஒரு கோப்பை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்துக் கரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். மாங்காய்க் காலமாக இருந்தால் புளியைப் பாதியாகக் குறைத்து, புளிப்பான மாங்காயில் பாதியை நீளத் துண்டுகளாக்கிச் சேர்க்கலாம். நெத்திலியும் மாங்காயும் முருங்கைக்காயும் சேர்ந்த குழம்பை இங்கே விரும்பாதவர்களைக் காண்பது அரிது. கேரளத்தை ஒட்டிய விளவங்கோடு பகுதியில் வாளன்புளிக்கு, அதாவது வழக்கமான புளிக்குப் பதில் குடம்புளி சேர்ப்போரும் உண்டு. அப்படிச் செய்வதானால் மூன்று சுளைகளைக் கழுவி ஊறவைத்து, ஊறிய தண்ணீரோடு அப்படியே சட்டியில் போட்டுவிடலாம்.

பாத்திரம் மண்சட்டியாக இருப்பது நல்லது. மண்சட்டி மெல்லச் சூடேறி மெல்ல ஆறுவதால், அடுப்பிலிருந்து இறக்கியபின்னும் குழம்பு சிறிது நேரம் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும். அது இல்லாதவர்கள் அடிகனமான எவர்சில்வர் பாத்திரத்தைப் பயன்படுத்தலாம். அலுமினியப் பாத்திரம் மட்டும் வேண்டாம், புளி அதனோடு வினைபுரியும்.

அரைத்த விழுதைச் சட்டியில் போட்டு, மிக்ஸி ஜாரைக் கழுவிய தண்ணீரையும் புளிக்கரைசலையும் ஊற்றி, மேலும் ஒன்றரைக் கோப்பைத் தண்ணீரும் தேவையான கல்லுப்பும் சேர்த்துக் கையாலேயே கட்டியில்லாமல் கரைத்துவிட வேண்டும். கீறிய பச்சைமிளகாய் இரண்டும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் போட்டு, முருங்கைக்காய் சேர்ப்பதாக இருந்தால் அதையும் இப்போதே போட்டு, மிதமான தீயில் வைக்க வேண்டும். கொதி வந்தபின் எட்டிலிருந்து பத்து நிமிடம் வரை கொதிக்க விடுங்கள். மல்லியின் பச்சை வாடை போவதே கணக்கு. ஆவியை முகர்ந்தால் பச்சைப் பொடியின் நெடி நீங்கி, மேலே ஆங்காங்கே எண்ணெய்த் துளிகள் மின்னத் தொடங்கும். உப்பு, புளி, காரம் மூன்றையும் இப்போதே பார்த்துச் சரிசெய்துகொள்ள வேண்டும். மீன் விழுந்தபின் கரண்டிக்கு வேலையில்லை. மீன் உப்பை இழுத்துக்கொள்ளும் என்பதால், இந்நேரத்தில் உப்பு ஒரு மாற்றுக் கூடுதலாகத் தெரியலாம். குழம்பு நீர்த்திருந்தால் மீன் போடுவதற்கு முன்பே வற்றவைத்துவிட வேண்டும். கெட்டியாக இருந்தால் வெந்நீர் ஊற்றலாம், பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது.

மாங்காய்த் துண்டுகளையும் மீனையும் இப்போது ஒவ்வொன்றாக, ஒன்றன்மேல் ஒன்று அழுந்தாமல் அடுக்கிப் போட வேண்டும். மீனின் சதையில் இறைச்சியில் இருப்பதுபோல் கடினமான இணைப்புத் திசுக்கள் இல்லை. அதனால் அது வேகமாக வெந்துவிடும், வெந்தபின் கிண்டினால் உதிர்ந்துவிடும். ஆகவே கரண்டியைத் தொடாமல், துணியால் சட்டியின் விளிம்பை இருபுறமும் பிடித்து மெல்லச் சுழற்றிவிட வேண்டும். நெத்திலிக்கு மூன்று நான்கு நிமிடமும், சாளைக்கும் அயலைக்கும் ஆறிலிருந்து எட்டு நிமிடமும், பாரை போன்ற பெரிய மீன் துண்டுகளுக்கு எட்டு நிமிட அளவும் ஆகும். கண் வெண்ணிறமாகி, முதுகெலும்பை ஒட்டிய சதை முள்ளிலிருந்து எளிதாக விலகினால் வெந்துவிட்டது என்று அறியலாம். மூடி போடாமல் வேகவைப்பதே நல்லது.

அடுப்பை அணைத்தவுடன் தாளிப்பு. இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி, அரைத் தேக்கரண்டி கடுகு வெடித்ததும் ஒரு சிட்டிகை வெந்தயம், மெல்லியதாக நறுக்கிய ஐந்தாறு சின்ன வெங்காயம், கறிவேப்பிலை ஆகியவற்றைப் போட்டு, வெங்காயம் பொன்னிறமானதும் குழம்பின்மேல் கொட்டி உடனே மூடிவிட வேண்டும். வெந்தயம் கருகினால் கசப்பு குழம்பு முழுவதும் பரவும் என்பதால் இங்கே கவனம் வேண்டும். மூடிய சட்டியை அரை மணி நேரமாவது தொடாமல் வைத்திருந்தால்தான் புளியும் உப்பும் மீனுக்குள் இறங்கும்.

சோற்றை இந்த இடைவெளியில் வடித்துக்கொள்ளலாம். சிவப்புச் சம்பாப் புழுங்கலரிசி இந்தக் குழம்புக்கு மிகவும் பொருத்தமானது. பருமனான அந்தச் சோறு குழம்பை உறிஞ்சினாலும் குழைவதில்லை. நான்கு பேருக்கு இரண்டு கோப்பை அரிசியை நன்றாகக் களைந்து, மீன் வேலையைத் தொடங்கும்போதே ஊறப்போட்டுவிட வேண்டும். பன்னிரண்டு கோப்பை தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஊறிய அரிசியைப் போட்டு, அரிசியின் தன்மைக்கேற்ப முப்பதிலிருந்து நாற்பது நிமிடம் வேகவிட வேண்டும். ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்து, நடுவில் வெள்ளைப் புள்ளி இல்லையென்றால் கஞ்சியை வடித்துவிடலாம். வெள்ளைப் பொன்னி அரிசிதான் வீட்டில் இருக்கிறதென்றால் அதுவும் போதும், குழைய விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டுக்கொள்ளப் பயறு துவரனோ (தேங்காய் சேர்த்த பொரியல்) முட்டைக்கோஸ் துவரனோ வைத்தால் சாப்பாடு நிறைவாக இருக்கும்.

மீனுக்குப் பதில் இறாலும் கணவாயும் இதே அரைப்பில் போடலாம், நேரம் மட்டும் மாறும். குடல் நரம்பை நீக்கிய இறால் நான்கு நிமிடத்தில் சிவந்து சுருண்டுவிடும். அதற்கு மேல் கொதித்தால் ரப்பராகிவிடும். கணவாய் இரண்டு மூன்று நிமிடத்தில் மிருதுவாக இருக்கும், பிறகு இறுகும், அரை மணி நேரத்துக்கு மேல் வெந்தால்தான் மீண்டும் மிருதுவாகும். ஆகவே கணவாயை இந்தக் குழம்பில் மிகக் கடைசியில் போடுவதே எளிது.

தேங்காய் அரைத்த குழம்பு வெப்பத்தில் விரைவில் புளித்துவிடும் என்பதால், மிச்சமிருப்பதை ஆறியவுடன், இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். மறுநாள் தேவையான அளவை மட்டும் தனியாக எடுத்து, நன்றாகக் கொதிக்கவைத்து, மீனில் ஒட்டும் பதத்துக்கு வற்றவைத்தால் பழங்கஞ்சிக்கும், உப்பும் மஞ்சளும் போட்டு அவித்து வடித்த மரச்சீனிக்கிழங்குக்கும் (மரவள்ளி) தொட்டுக்கொள்ளலாம்.