பேங்க் ரிசல்ட்ல ‘ப்ராவிஷன்’னு ஒரு வரி வருதே, அத எப்டி படிக்கிறது?

காட்பாடில மளிகைக்கடை வெச்சிருக்கிற எங்க மாமா கிட்ட ஒரு பேங்க்கோட காலாண்டு ரிசல்ட்ட போன்ல காட்டிகினு இருந்தேன், "இன்னாடா இது, பேங்க்காரன் எதுக்கு ப்ராவிஷன் போடுறான், அரிசி பருப்பு விக்கிறானா?"ன்னாரு. சிரிப்பு வந்துடுச்சி. ஆனா அவரே வருஷா வருஷம் இதத்தான் செய்றாரு.

முதல்ல அவரோட கடன் நோட்ட பாருங்க. ரப்பர் பேண்ட் போட்ட நீள நோட்டு, சில பேருக்கு பக்கத்துல சிவப்பு பேனால சுழி போட்டிருப்பாரு, "இது வராது"ன்னு அர்த்தம். வெளிய 80,000 ரூபா நிக்குது, சுழி போட்டது 12,000. லாபம் கணக்கு பாக்கும்போது அந்த 12,000-த்த இப்பவே கழிச்சிடுவாரு. பெட்டில தனியா எடுத்து வெக்கல, கணக்குல மட்டும் கழிக்கிறாரு. பேங்க் ப்ராவிஷனும் அவ்ளோதான், ஏதோ லாக்கர்ல பணம் பூட்டி வெக்கிறாங்கன்னு நெனச்சிக்காதீங்க.

அடுத்தது, பேங்க் எப்போ சுழி போடும்? மாமாவுக்கு மனசுல தோணணும், பேங்குக்கு ஆர்பிஐ ரூல். தவணையோ வட்டியோ 90 நாளைக்கு மேல பாக்கி நின்னா அது என்பிஏ, அதாவது வாராக்கடன் (பயிர்க்கடனுக்கு மட்டும் நாள் இல்ல, சாகுபடி பருவம் கணக்கு). ஒரு ஆளுக்கு ரெண்டு லோன் இருந்து ஒண்ணு என்பிஏ ஆனா இன்னொண்ணும் சேந்து போயிடும். அப்புறம் வந்து ஒரு தவணை கட்டிட்டா நல்ல கணக்கா மாறிடாது, கட்டாம நிக்கிற தவணை, வட்டி எல்லாமே தீரணும்.

இப்ப எவ்ளோ போடணும்னு பாப்போம், இங்கதான் நிறைய பேர் கொழம்புறாங்க, பேப்பர் பேனா எடுத்துக்கோங்க. ஆம்பூர்ல ஷூ மேல்பாகம் தைக்கிற ஒரு சின்ன யூனிட், 10 லட்சம் லோன், அடமானத்தோட மதிப்பு 6 லட்சம்னு வெச்சிக்குவோம். ஒழுங்கா கட்டிகினு இருக்கும்போதே சிறுதொழில்னா 0.25%, அதாவது 2,500 ரூபா ப்ராவிஷன் உண்டு. என்பிஏ ஆன மொத வருஷம் 15%, ஒன்றரை லட்சம். அதுக்கப்புறம் ‘டவுட்ஃபுல்’, அதாவது வர்றதே சந்தேகம்னு வெக்கிற கடன். அங்க அடமானம் இல்லாத 4 லட்சத்துக்கு முழுசா போட்டுடணும், அடமானம் இருக்கிற 6 லட்சத்துக்கு மொத வருஷம் 25%, ஆக மொத்தம் 5.5 லட்சம். அடுத்த ரெண்டு வருஷம் 40%, அப்போ 6.4 லட்சம். அதுக்கு மேல போச்சுன்னா 10 லட்சமும் போட்டே ஆகணும். நாள் ஆக ஆக வீங்குது, கவனிச்சீங்களா?

இனி ரிசல்ட்ட தொறங்க. ‘ஆப்பரேட்டிங் ப்ராஃபிட்’ (வருமானத்துல செலவு போக நிக்கிறது) வரிக்கு நேர் கீழதான் ப்ராவிஷன் இருக்கும், அத கழிச்சி டாக்ஸும் போனா நிகர லாபம். என்ன கேட்டா லாபம் எகிறிடுச்சின்னு தலைப்பு பாத்து ஷேர் வாங்குறதுக்கு முன்னாடி இந்த வரிய போன வருஷத்தோட ஒப்பிட்டு பாருங்க, பல சமயம் வியாபாரம் வளந்திருக்காது, ப்ராவிஷன் கொறஞ்சிருக்கும் அவ்ளோதான்.

கிராஸ் என்பிஏ, நெட் என்பிஏன்னு ரெண்டும் போட்டிருப்பாங்க. கிராஸ் 100 கோடி, அதுக்கு 75 கோடி ப்ராவிஷன்னா நெட் 25 கோடி, கவரேஜ் (வாராக்கடன்ல எவ்ளோ பங்குக்கு ப்ராவிஷன் போட்டாச்சுங்கிறது) 75%. கவரேஜ் கம்மின்னா அடி இன்னும் பாக்கி இருக்குன்னு அர்த்தம்.

கடைசியா ‘ரைட் ஆஃப்’. நியூஸ்ல இத்த கடன் தள்ளுபடின்னு போட்டு எல்லாருக்கும் கோவம் வர வெக்கிறாங்க, ரெண்டும் வேற வேற. முழுசா ப்ராவிஷன் போட்ட கடன பேங்க் தன் புக்லேர்ந்து எடுக்குது, வாங்கினவன் கடன் அப்டியே நிக்குது, வசூலும் நடக்கும். மாமா கூட போன வருஷம் ஒருத்தர் பேர அடிச்சிட்டாரு. ஆனா சித்தூர் பஸ் ஸ்டாப்புல அந்தாள பாத்தா இன்னும் வண்டிய நிறுத்திடுறாரு.