மடித்த இறக்கை மாடல்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விமானந்தாங்கிக் கப்பலில் இடத்துக்கு எப்போதும் தட்டுப்பாடுதான். லிஃப்டில் இறங்க வேண்டும், ஹேங்கரில், அதாவது கப்பலுக்குள் விமானங்களை நிறுத்தும் கூடத்தில், நெருக்கி நிற்க வேண்டும், மேல்தளத்தில் வரிசை கட்ட வேண்டும். அதற்காகவே இறக்கையை மடித்தார்கள். விமான மாடல் கட்டுகிறவர்களுக்கும் இந்தப் போஸ் மேல் ஒரு கண் உண்டு. அலமாரியில் இடம் மிச்சம். உள்ளே ஒளிந்திருக்கும் கீலும் குழாயும் வெளியே தெரியும். ஆனால் முடித்து வைத்த பல மாடல்களைப் பார்த்தால், இறக்கையை வெட்டி ஏதோ ஒரு கோணத்தில் ஒட்டிவிட்ட மாதிரிதான் இருக்கிறது. அந்த மடிப்பு எப்படி வேலை செய்கிறது, எந்த நேரத்தில் மடிக்கிறார்கள் என்று பார்க்காமலே ரம்பத்தைக் கையில் எடுத்துவிடுகிறார்கள்.

முதல் தவறு, கப்பல் விமானம் என்றாலே இறக்கை மடியும் என்று நினைப்பது. டான்ட்லெஸ் குண்டுவீச்சு விமானத்துக்கு மடிப்பே கிடையாது. ஸ்கைஹாக்கும் ரஃபேல் எம்மும் அப்படியே. சீ ஹாரியரில் மடிவது மூக்கு. டாம்கேட் இறக்கையை மடிக்காது, பின்னோக்கி இழுத்துக்கொள்ளும். பறக்கும்போது அதிகபட்சம் 68 டிகிரி, தளத்தில் நிறுத்தும்போது 75 டிகிரி. நிறுத்தி வைத்த டாம்கேட் என்றால் அந்த 7 டிகிரி வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

ஒரே விமானத்தின் வகைகளுக்குள்ளேயும் வேறுபாடு உண்டு. வைல்ட்கேட்டில் எஃப்4எஃப்-3 மடியாது, எஃப்4எஃப்-4 மடியும். சீஃபயர் மார்க் 2 மடியாது. மார்க் 3-இல் இறக்கை மேலே மடியும், நுனி மறுபடி கீழே மடியும். ஜப்பானின் ஸீரோ விமானத்தில் 'மாடல் 21' என்ற வகையில் மடிவது நுனியில் இருக்கிற 50 சென்டிமீட்டர் மட்டும். 1/72 ஸ்கேலில், அதாவது நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு அளவில், அது ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். 'ஸீரோவும் மடியும்' என்று எங்கோ படித்துவிட்டு இறக்கையைப் பாதியில் வெட்டினால் கிட் வீண். மாடல் 32-இல் அந்த நுனியையே எடுத்துவிட்டார்கள், அதனால் மடிப்பும் போயிற்று.

அதிகம் சொதப்புவது கிரம்மன் நிறுவனத்தின் மடிப்பில்தான். வைல்ட்கேட், அவெஞ்சர், ஹெல்கேட் மூன்றிலும் இறக்கை மேலே எழாது. முறுக்கிக்கொண்டே பின்னால் போய் உடற்பகுதியின் பக்கவாட்டில் ஒட்டி நிற்கும். நிறுவனர் லெராய் கிரம்மன் ஓர் அழிரப்பரில் இரண்டு பேப்பர் கிளிப்புகளைக் குத்தி, எந்தச் சாய்வில் குத்தினால் இறக்கை இப்படித் திரும்பும் என்று பார்த்துத்தான் இந்த யோசனையைப் பிடித்தார். நீங்களும் ஒரு தடவை செய்து பாருங்கள், படத்தைப் பத்து நிமிடம் முறைப்பதைவிடச் சீக்கிரம் புரியும். 38 அடி அகலமுள்ள வைல்ட்கேட் இப்படி மடிந்ததும் 14 அடி சொச்சத்துக்குச் சுருங்கிவிடும்.

இந்த மடிப்பில் முன்விளிம்பு தரையைப் பார்க்கும், மேற்பரப்பு வெளிப்பக்கம் திரும்பும், அடிப்பரப்பு உடலைப் பார்க்கும். மாடலில் மேற்பரப்பை உள்ளே திருப்பி ஒட்டியவர்கள் உண்டு. சரியாகத்தான் திருப்பினீர்களா என்று பார்க்க ஹெல்கேட்டின் துப்பாக்கித் துளைகள் போதும். அவை தளத்தை நோக்கி இருக்க வேண்டும். அமெரிக்க நட்சத்திரச் சின்னமும் காட்டிக்கொடுக்கும். ஹெல்கேட் போருக்கு வந்த 1943-இல் சின்னம் இடது இறக்கையின் மேலேயும் வலது இறக்கையின் அடியிலும் மட்டும்தான். ஆகவே மடித்த ஹெல்கேட்டை இடப்பக்கமிருந்து பார்த்தால் இறக்கையில் நட்சத்திரம் தெரியும். வலப்பக்கத்திலிருந்து தெரியாது, அது உடற்பகுதியைப் பார்த்தபடி உள்ளே மறைந்திருக்கும். இரண்டு பக்கமும் அழகாக இருக்கட்டுமே என்று இன்னொரு டெக்கால் (சின்ன ஒட்டுப்படம்) ஒட்டினால், விவரம் தெரிந்தவர் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

மேல்நோக்கி மடிபவற்றில் கோணம்தான் வில்லங்கம். கோர்சேரின் இறக்கை செங்குத்தாக நிற்காது. நுனிகள் விமானியின் கூண்டுக்கு மேலே ஒன்றையொன்று நோக்கிச் சாயும். முன்பக்கத் தோற்றத்தைக் காட்டும் வரைபடத்தை உங்கள் ஸ்கேலுக்கு அச்செடுத்து, அட்டையில் வெட்டி, பசை காயும்வரை முட்டுக்கொடுங்கள். கீல் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். மேலே மடிகிற இறக்கையில் கீல் மேல்தோலை ஒட்டி இருக்கும், வாய் திறப்பது அடிப்பக்கம். நடுவில் கம்பி குத்தி நிறுத்தினால் இரண்டு துண்டும் இடம் மாறி, மேல்தோலில் இல்லாத இடைவெளி வந்துவிடும். பிரிட்டிஷ் கடற்படைக் கோர்சேர் என்றால் இன்னொன்று: அவர்களுடைய ஹேங்கரின் உயரம் போதவில்லை என்று ஒவ்வொரு நுனியிலும் 8 அங்குலம் வெட்டினார்கள். 1/48-இல் அது 4 மில்லிமீட்டருக்குச் சற்று மேல்.

இடமும் வலமும் கண்ணாடிப் பிம்பமாக இருக்கும் என்றும் நம்ப வேண்டாம். எஸ்-2 டிராக்கரிலும் எஸ்-3 வைக்கிங்கிலும் மடித்த இறக்கைகள் உடலுக்கு மேலே ஒன்றின் முன் ஒன்றாகப் படுத்துக்கொள்ளும். வைக்கிங்குக்கு வாலின் செங்குத்துத் தகடும் மடியும். அதை மறந்தால், இறக்கையை மடித்துக்கொண்டு ஹேங்கர் கூரையில் வால் இடிக்கிற விமானம் கிடைக்கும்.

அப்புறம் தடிமன். 1/72-இல் 1 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் என்றால் நிஜத்தில் 7 சென்டிமீட்டர் கனமுள்ள தகடு. வெட்டிய விளிம்பை உட்புறமிருந்து சாய்வாகச் சுரண்டி மெலிதாக்குங்கள். வெளிக்கோட்டில் மெலிந்திருந்தால் போதும், உள்ளே தடிமன் யாருக்கும் தெரியாது. வெட்டிய வாயை மூட சும்மா ஓர் அட்டையை ஒட்டி வர்ணம் அடிப்பதைவிட, இரண்டு மூன்று கம்பிகளைக் குழாய் மாதிரி ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்குத் தாண்ட விட்டாலே பார்வை மாறிவிடும். எடையைத் தாங்குவது பசையின் வேலை இல்லை, பித்தளைக் கம்பியைச் செருகுங்கள்.

மடிப்பின் உட்புற நிறத்துக்குப் பொது விதி கிடையாது. தொழிற்சாலை, ஆண்டு, பிறகு நடந்த பழுதுபார்ப்பு எல்லாவற்றையும் பொறுத்து மாறும். உங்கள் விமானத்தின் காலத்துப் படத்தைத் தேடுங்கள். அருங்காட்சியகத்தில் புதுப்பித்து வைத்ததை நம்பாதீர்கள்.

கறைகளில் நிறைய பேர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பறக்கும்போது வந்த புகையும் எண்ணெயும் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புக்கு இழுபடும். மடித்த ஹெல்கேட்டில் அந்தக் கோடுகள் கீழிருந்து மேலாகப் போவது போலத் தெரியும். நிறுத்தி வைத்தபோது கசிந்தது மட்டும்தான் தரையை நோக்கி ஒழுகும். இறக்கையை விரித்து வைத்தே அழுக்கு பூசிவிட்டு அப்புறம் மடித்து ஒட்டினால் இரண்டாவது வகை விடுபட்டுப்போகும். மடித்தபின் பூசினால் முதல் வகை தலைகீழாகும்.

இறக்கை மடிப்பின் பூட்டு விழவில்லை என்று எச்சரிக்கும் சின்னச் சிவப்புக் குறிகள் ஹார்னெட் போன்றவற்றில் இறக்கைமேல் எழும்பி நிற்கும். மடித்த நிலையில் அவை வெளியே இருக்க வேண்டும். அந்தக் குறிக்கு மரியாதை வந்ததற்குக் காரணம் உண்டு: 1960-இல் நேப்பிள்ஸில் ஓர் எஃப்-8 குருசேடர் இறக்கையின் வெளிப்பகுதி மடிந்தபடியே மேலெழும்பி, பத்திரமாகத் திரும்பி இறங்கியது. ஆக, மடித்த இறக்கையோடு பறக்கிற மாடல் வைக்க ஆசைப்படுபவருக்கும் ஒரு சாக்கு இருக்கிறது.

தளக் காட்சி அமைக்கும்போது நேரத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். இறங்கிய விமானம், அதைப் பிடித்து நிறுத்திய தளக் கம்பியிலிருந்து வால் கொக்கி விடுபட்டதும் மடித்துக்கொண்டே முன்னே நகரும். ஏவப்படும் விமானம் கேட்டபுல்ட்டில் (விமானத்தை உந்தி ஏவும் பொறியில்) நிற்பதற்குள் விரித்தாக வேண்டும். மடித்த இறக்கையோடு ஏவுதளத்தில் நின்று கையசைப்பவரைப் பார்க்கும் விமானி என்பது நடக்காத காரியம். அதேபோல, நிறுத்தி வைத்த வைல்ட்கேட்டிலும் ஹெல்கேட்டிலும் மடித்த இறக்கையை வாலின் கிடைத்தட்டோடு தாங்குகோல் போட்டுக் கட்டுவார்கள். கோலைப் போட்டால் உள்ளே ஆள் வேண்டாம், எஞ்சினும் சுற்ற வேண்டாம். சக்கரத்துக்குக் கட்டை, தளத்துக்குக் கயிறு. விமானியை உட்கார வைக்கிறீர்களா, கோலை எடுத்துவிடுங்கள்.