மலைக் கல்லூரி மாணவருக்கு வேலைக்கு வழிகாட்ட

இறுதியாண்டு வரை காத்திருக்காதீர்கள். இரண்டாம் ஆண்டு தொடங்கியதும் ஒவ்வொரு மாணவருடனும் 20 நிமிடம் தனியாகப் பேசுங்கள். "என்ன ஆகப்போறே?" என்று கேட்டால் "தெரியலைங்க சார்" என்றுதான் வரும். "லீவுல என்ன வேலை செஞ்சே?" என்று கேளுங்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

கோத்தகிரிப் பக்கத்து மாணவி பயோடேட்டாவில் "கடின உழைப்பாளி" என்று எழுதி வருவாள். அதை அடிக்கச் சொல்லுங்கள். "தேயிலைத் தொழிற்சாலையில் 2 மாதம் பச்சை இலை எடைக் கணக்கு எழுதினேன், தினமும் 40 விவசாயிகளுக்கு ரசீது கொடுத்தேன்" என்று அவளையே எழுத வையுங்கள். ஒரே பக்கம் போதும். நேர்காணலில் கேள்வி அந்த வரியிலிருந்துதான் வரும், அவளும் தடுமாறாமல் பேசுவாள்.

அரசு வேலைக்கான தேர்வு எழுதுபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது சான்றிதழ்களில்தான். தமிழ்வழியில் படித்தோருக்கான 20 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே சான்று வேண்டும். இடையில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியாக வாங்க வேண்டும். கடைசி வாரத்தில் இதற்கு அலைய முடியாது. ஆதாரிலும் மதிப்பெண் பட்டியலிலும் இனிஷியல் ஒன்றுபோல இருக்கிறதா என்பதையும் சான்று வாங்கும்போதே பாருங்கள்.

மாதிரி நேர்காணல் மூன்று முறையாவது நடத்துங்கள். முதல் முறை தமிழிலேயே நடக்கட்டும். பயம் தெளிந்த பிறகு ஆங்கிலம்.

கோவையில் நேர்காணல் என்றால் முந்தைய நாளே மலை இறங்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் குன்னூர்ச் சாலையில் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்றித்தான் மேட்டுப்பாளையம் போக வேண்டியிருக்கும். கூடலூர்ப் பிள்ளைகளுக்கு இரவு தங்க இடம் கேட்டு, கோவையில் இருக்கும் பழைய மாணவர்களுக்கு நீங்களே போன் போடுங்கள்.