பழைய பொருளை ஆன்லைனில் விற்கிறீர்களா? பணம் வாங்கும்போது ஏமாறாமல் இருப்பது எப்படி

வீட்டில் சும்மா கிடந்த டேபிள் டாப் கிரைண்டரைப் படம் எடுத்து, 2,800 ரூபாய் என்று விலை போட்டு ஒரு விளம்பரத் தளத்தில் ஏற்றினேன். பத்து நிமிடத்தில் போன். கிரைண்டர் எத்தனை லிட்டர் என்று அவர் கேட்கவில்லை. கல் தேய்ந்திருக்கிறதா என்று கேட்கவில்லை. நூறு ரூபாய் குறைக்கச் சொல்லக்கூட இல்லை. பழைய சாமானுக்குப் பேரம் பேசாத ஆள் உலகத்தில் உண்டா? அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

தான் ராணுவத்தில் இருப்பதாகச் சொன்னார், வாட்ஸ்அப்பில் அடையாள அட்டைப் படமும் அனுப்பினார். "பணத்தை இப்பவே போட்டுடறேன், என் ஆள் வந்து பொருளை எடுத்துக்குவார்" என்றார். பிறகு ஒரு கியூஆர் கோடு வந்தது. "டெஸ்ட்டுக்கு 5 ரூபாய். ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, 10 ரூபாயா திரும்ப வரும்." போட்டேன், வந்தது! அடுத்த கோடு 2,800 ரூபாய்க்கு. பின் நம்பரில் இரண்டு இலக்கம் அழுத்தியிருப்பேன், பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா கேட்டார்: "காசு நமக்குத்தானே வரணும், நீ எதுக்குடா பின் போடற?"

அந்த 5 ரூபாய் லாபம் இன்னும் என் கணக்கில்தான் இருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

படி 1: விளம்பரம் போடும்போது

போன் நம்பரை மறைத்து வையுங்கள். தளத்துக்குள்ளேயே இருக்கும் சாட்டில் பேசினால் போதும். எடுத்த எடுப்பிலேயே "வாட்ஸ்அப்புக்கு வாங்க" என்று அவசரப்படுத்துகிறவரிடம் கவனமாக இருங்கள். பில்லைப் படம் எடுத்துப் போட்டால் அதில் உள்ள முகவரியை மறைத்துவிடுங்கள்.

படி 2: கியூஆர் கோடு என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம். அந்தக் கட்டம் கட்டமான படத்துக்குள் இருப்பது ஒரு வரி எழுத்துதான். யுபிஐ கியூஆர் என்றால் அந்த வரி "யுபிஐ", "பே" என்றே தொடங்கும். அதற்குப் பின்னால் பணம் பெறுகிறவரின் யுபிஐ ஐடி, பெயர், சில சமயம் தொகை. பே என்றால் கொடு. அவ்வளவுதான். மளிகைக் கடைக் கல்லாவில் ஒட்டியிருக்கிற அட்டைக்கும், அந்த "ராணுவ வீரர்" எனக்கு அனுப்பிய படத்துக்கும் வேலை ஒன்றே: ஸ்கேன் செய்கிறவர் பணம் கொடுக்க வேண்டும்.

பணம் உங்கள் கணக்குக்கு வர பின் வேண்டாம், ஓடிபி வேண்டாம், நீங்கள் எதையும் ஸ்கேன் செய்யவும் வேண்டாம். கோடு காட்ட வேண்டியவர் நீங்கள், ஸ்கேன் செய்ய வேண்டியவர் வாங்குகிறவர்.

முன்பு "பணம் அனுப்பு" என்று ஒரு கோரிக்கையைத் தட்டிவிட்டும் ஏமாற்றினார்கள். தனிநபர்களுக்கு இடையிலான அந்தக் கோரிக்கை வசதியை 2025 அக்டோபர் முதல் நிறுத்திவிட்டார்கள். கியூஆர் வழி இன்னும் திறந்துதான் இருக்கிறது.

படி 3: லிங்க் வந்தால்

"கூரியரில் பணம் கட்டிவிட்டேன், இந்த லிங்க்கில் பெற்றுக்கொள்ளுங்கள்" என்று வரும். திறந்தால் நிஜமான தளம் போலவே லோகோ, உங்கள் கிரைண்டரின் படம், விலை எல்லாம் இருக்கும். கீழே கார்டு நம்பர், காலாவதித் தேதி, பின்பக்கத்து மூன்று இலக்க எண் கேட்பார்கள். உங்களுக்குப் பணம் போட அதெல்லாம் எதற்கு? யுபிஐ ஐடி போதும். இல்லாவிட்டால் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி கோடும்.

லிங்க்கின் முகவரியைப் பார்க்கும்போது, தொடக்கத்தில் வரும் "https://"-ஐ விட்டுவிட்டு, அதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்கு (/) முன்னால் எப்படி முடிகிறது என்று பாருங்கள். முன்பகுதியில் எந்த வங்கியின் பெயரை வேண்டுமானாலும் ஒட்டவைக்கலாம். ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி இந்திய வங்கிகளின் தளங்கள் இப்போது ".பேங்க்.இன்" என்று முடியும் முகவரிகளுக்கு மாறியிருக்கின்றன.

ஏபிகே ஃபைல் (ஆப்பை நேராகப் போனில் ஏற்றும் ஃபைல்) அனுப்பினாலோ, போன் திரையைப் பகிரும் ஆப் போடச் சொன்னாலோ பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

படி 4: பணம் வந்ததா?

ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். எஸ்எம்எஸ்ஸையும்தான். வங்கியின் எஸ்எம்எஸ் எழுத்துகள் கொண்ட பெயரில் வரும். சாதாரணப் பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து "28,000 ரூபாய் வரவு" என்று வந்து, பின்னாலேயே "ஒரு சைபர் கூடப் போட்டுட்டேன், மீதியை அனுப்புங்க" என்று அழுகுரலில் போன் வந்தால், அது நாடகம். உங்கள் வங்கி ஆப்பை நீங்களே திறந்து இருப்பைப் பாருங்கள். தொகை ஏறியிருந்தால் மட்டும் பொருளைக் கொடுங்கள்.

படி 5: பணம் போய்விட்டால்

உடனே 1930-க்கு அடியுங்கள். தேசிய சைபர் குற்ற உதவி எண் அது. திருடிய பணம் ஒரே கணக்கில் உட்கார்ந்திருக்காது. கை மாறிக்கொண்டே போகும். சீக்கிரம் சொன்னால் வழியில் ஏதாவது ஒரு வங்கியில் அதை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. பரிவர்த்தனையின் 12 இலக்க யுடிஆர் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அப்புறம் வங்கிக்கும் சொல்லுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் எழுத்தில் பதியலாம். வெட்கப்பட்டுக்கொண்டு சாட்டை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி.

என் கிரைண்டரை ஒரு வாரம் கழித்து, இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஓர் அக்கா பார்க்க வந்தார். கல்லைத் தூக்கித் தடவிப் பார்த்தார், ஸ்விட்ச் போட்டுச் சத்தம் கேட்டார், "பெல்ட் மாத்தணும் தம்பி" என்று 2,300-க்குக் கொண்டுவந்து நிறுத்தினார். என் போனில் இருந்த கோடை அவர்தான் ஸ்கேன் செய்தார்.