மயில் இறங்கும் தோட்டத்தில் செய்யக்கூடாதவை

கொங்குப் பக்கம் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு அணிலைவிடப் பெரிய கவலை மயில்தான். விடியற்காலையில் நாலைந்து இறங்கினால் போதும். ஒரு தக்காளியைக் கொத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விடும்; மாதுளை, தாழ்ந்த கிளைக் கொய்யா எதுவும் முழுதாகத் தேறாது. வயிறு எரியத்தான் செய்யும்.

அந்த ஆத்திரத்தில் தானியத்தில் விஷம் கலந்து வைத்துவிடாதீர்கள். 1963 முதல் மயில் நம் தேசியப் பறவை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் 3 முதல் 7 ஆண்டுவரை சிறை. அதோடு, அந்தத் தானியத்தைப் புறாவும் கௌதாரியும் வீட்டுக் கோழியும்கூடத் தின்னும்.

நான் அதிகம் பார்க்கும் தவறு வலையில்தான். மலிவாகக் கிடைக்கிறதென்று மீன்பிடி நரம்பு வலையை வாங்கி, செடிமேல் தொளதொளவென்று போர்த்திவிடுகிறார்கள். அது கண்ணுக்கே தெரியாது. மயிலின் கால் சிக்கும். உதற உதற நரம்பு இறுகிச் சதையை அறுக்கும். எலி பிடிக்க வரும் சாரைப்பாம்பும் அதில் மாட்டிச் சாகிறது. விரல் நுழையாத அளவு சின்னக் கண்ணுள்ள வெள்ளை வலையாக வாங்குங்கள். நாலு பக்கமும் குச்சி நட்டு, செடியில் படாமல், விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். அடியில் மண்ணோடு சேர்த்துக் கல் வையுங்கள். மேல்பக்கத்தைத் திறந்து விடாதீர்கள். உடம்பு கனமானாலும் மயில் பறந்து உள்ளே இறங்கிவிடும். கட்டிய பிறகு காலையும் மாலையும் ஒரு நடை போய்ப் பாருங்கள். ஏதாவது சிக்கியிருந்தால் பிடித்து இழுக்காமல், தலைமேல் துணி போட்டு மூடிவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

மின்னும் ரிப்பன், பழைய சிடி எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான். ஒரே இடத்தில் தொங்கினால் மயில் பழகிவிடும். அடிக்கடி இடம் மாற்ற வேண்டும்.

அப்புறம், அழகாயிருக்கிறதே என்று வாசலில் அரிசி போடுகிறவர்கள் உண்டு. எனக்கும் மயில் பிடிக்கும். ஆனால் தீனி கிடைத்த இடத்தை அது மறக்காது. உதிர்ந்த பழத்தையும் அன்றன்றே பொறுக்கிவிடுங்கள்.

பழம் சிவந்த பிறகு ஓடி ஓடி மூடுவதிலும் பயனில்லை. மாதுளையும் கொய்யாவும் எலுமிச்சை அளவு வந்ததுமே பழைய வேட்டித் துணியில் பை தைத்து, காம்போடு சேர்த்துக் கட்டிவிடலாம். கொஞ்சம் தொளதொளப்பாக இருக்கட்டும்; காய் பருக்க இடம் வேண்டுமே.