விரைவாக வாசிக்கச் சில வழிகள்

வாசிக்கும்போது நம் கண்கள் வரியின்மீது சீராக ஊர்ந்து செல்வதில்லை. சிறு சிறு தாவல்களாகத் தாவி, ஒவ்வோர் இடத்திலும் ஏறத்தாழக் கால் நொடி நின்று, அங்கே தெளிவாகத் தெரியும் சில எழுத்துகளை உள்வாங்கிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போகின்றன. அந்தத் தெளிவான பரப்பு மிகச் சிறியது என்பதால், ஒரே பார்வையில் பக்கம் முழுவதையும் படித்துவிடலாம் என்று கூறும் பயிற்சிகளை நான் நம்புவதில்லை.

ஆனால் வீணாகும் நேரத்தை மீட்க முடியும். கவனம் சிதறி, படித்த வரிக்கே மீண்டும் மீண்டும் திரும்புவது பலருக்கும் உள்ள தடை. வரியின் அடியில் விரலையோ பென்சிலையோ நகர்த்திக்கொண்டு படித்தால் அது குறையும். (பொருள் புரியாமல் திரும்பிச் செல்வது வேறு, அதைத் தடுக்கக் கூடாது.) மனத்துக்குள் ஒலிக்கும் குரலை முற்றிலும் அடக்கவும் முயல வேண்டாம், கடினமான பகுதிகளில் அது புரிதலுக்குத் துணைசெய்கிறது.

இவற்றைவிட அதிகப் பயன் தருவது, படிக்கத் தொடங்கும் முன் செலவிடும் சில நிமிடங்கள்தான். உட்தலைப்புகள், முன்னுரை, இறுதிப் பத்தி ஆகியவற்றை மேலோட்டமாகப் பார்த்து, இந்நூலிலிருந்து எனக்கு என்ன தெரிய வேண்டும் என்ற கேள்வியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால், எந்த அத்தியாயத்தை நிதானமாகப் படிப்பது, எதில் ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் பார்த்து நகர்வது, எதை அப்படியே விட்டுவிடுவது என்பது பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும். ஒரு பகுதி முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததை ஓரிரு வாக்கியங்களில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லையென்றால் வேகம் மிகுந்துவிட்டது என்று பொருள். கவிதையையும் ஒப்பந்தப் பத்திரத்தையும் மட்டும் இப்படித் தாண்டித் தாண்டிப் படிக்க வேண்டாம்.